மலையில்லா நாட்டில் மேடும் பள்ளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலையில்லை. மலையென்னும் பெயரைத் தாங்கிய ஊர்களுள் ஒன்று கீரிமலை. அங்கும் ஏறுதற்குச் சிகரமில்லை. கடலோரத்துக் கற்பாறையும் அதனிடையே ஊறிவரும் நன்னீருமே அவ்வூரின் சிறப்பு. குடாநாட்டின் மிக உயர்ந்த நிலமும் கடல்மட்டத்தினின்று சில பத்து அடிகளுக்கு மேற்படாது. ஆதலால், மலைச்சரிவில் வீடமைக்க இசைவு வழங்குவதா, மறுப்பதா என்று ஆராயும் தொல்லை மலைநாட்டுச் சபைகளுக்கே உரியது, நம்முடைய சபைகளுக்கு அது இல்லை என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும்.

அவ்வெண்ணம் சரியானதன்று என்பதை வரலாற்றின் துணைகொண்டு காட்ட விரும்புகின்றேன். ஒருவர் தம் பணத்தில், தம் காணியில், தம் குடும்பத்துக்கென்று கட்டும் வீட்டின் படத்தைச் சபையின் முன் வைத்து இசைவு பெறவேண்டும் என்னும் விதி எங்கிருந்து வந்தது? அதனை நம் முன்னோர் அறிந்திருந்தனரா? அல்லது அந்நியர் ஆட்சியில் வந்த வெறும் தொந்தரவுதானா? இவ்வினாக்களுக்கு விடைகாண முன்னர், நாம் குடியிருக்கும் நிலத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. ஆண்டுக்குச் சற்றொப்ப ஐம்பது அங்குல மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். எஞ்சிய மாதங்களில் மனிதனும் மாடும் பயிரும் அந்த மழையையே கிணற்றிலிருந்து இறைத்து வாழ்கின்றன. நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணக்கல். அது வெடிப்புகளும் துளைகளும் குகைகளும் நிறைந்தது. புத்தூர் நிலாவரைக் கிணறு அத்தகைய குகையொன்றின் கூரை இடிந்து திறந்த வாயேயாகும். மழைநீர் இக்கல்லினூடாக இறங்கி, அடியிற் பரந்துள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், சிறிது காலத்தின்பின் செர்மானியர் ஒருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓரடி நீர் குறைந்தால், கீழேயிருந்து நாற்பதடி உவர் ஏறும்.

இந்நிலத்திற் சரிவு இல்லையென்று சொல்வதற்கில்லை. அது கண்ணுக்குத் தெரியாத சரிவு. வழுக்கையாறு என்னும் பெயரே அதற்குச் சான்று. மாரிகாலத்தில் மட்டும் உயிர்பெறும் அந்த ஆறு தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கங்களின் வெள்ளத்தைத் திரட்டி, பல குளங்களை ஊடறுத்து, அராலியருகே கடனீரேரியிற் சேர்கின்றது. ஊருக்கு ஊர் குளமும் கேணியும் தரவையும் அமைந்திருப்பதும் இச்சரிவின்படியே. வெள்ளம் ஓரிடத்தில் தங்கி, மண்ணுள் மெல்ல இறங்கி, கிணற்றை நிரப்பும் வண்ணம் நிலத்தின் மேடும் பள்ளமும் பயன்படுத்தப்பட்டுள்ளன. யாழ்ப்பாண நகரத்துள்ளேயே ஆரியகுளம், புல்லுக்குளம், தேவரிக்குளம், நாயன்மார்கட்டுக்குளம் முதலாகப் பல குளங்கள் உள்ளன. நல்லூரில் யமுனா ஏரி உண்டு. இவற்றை அழகுக்காக மட்டும் வெட்டினார்கள் என்று எவரும் கூறார்.

இத்தகைய நிலத்தில் வாழ்ந்த மக்கள், அயலவனின்றி எவனும் தனித்து வாழமுடியாது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர். பழைய காணியுறுதிகளை வாசித்தவர்கள், காணியின் பரப்பும் எல்லையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். காணி ஒருவனுடையதாயினும் கிணறு பலருடையது, வாய்க்கால் ஊரினுடையது. இந்தச் சிறு தொடரில் ஒரு பெரிய நீதி அடங்கியிருக்கின்றது. நிலத்தை வேலியடைத்துப் பிரிக்கலாம், நீரைப் பிரிக்கவியலாது என்பதே அந்நீதி.

யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் எழுத்தில் அமைப்பித்தனர். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த அவ்வழக்கங்களைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். அதுவே தேசவழமை. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதில் எல்லையோரத்து மரம் அயற்காணியின்மேற் சாய்ந்தால் என்செய்வது என்பதற்கும் விதியுண்டு. நமது பொருளுக்கு இன்றியமையாதது முன்னுரிமைக் கொள்வனவு பற்றிய விதி. காணியை விற்க விரும்பும் ஒருவர் முதலில் உரிமைக்காரர், பங்காளர் ஆகியோருக்கும், ஒற்றி பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அதனை அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அவ்விற்பனை பகிரங்கமாகக் கூறப்படவேண்டியிருந்தது. காணி கைமாறுமுன் அயலார் காதில் அச்செய்தி விழவேண்டும் என்பதே இதன் கருத்து. இன்று சபைகள் அறிவித்தல் ஒட்டி ஆட்சேபணை கோருவதற்கும், அன்று மூன்று ஞாயிறு கூறியதற்கும் நோக்கத்தில் வேற்றுமை அதிகமில்லை.

ஆயினும் வரலாறு கூறுவோர் ஒருபக்கத்தை மாத்திரம் கூறுதல் தகாது. அந்த அயலவன் உரிமை எல்லோருக்கும் உரியதாய் இருக்கவில்லை. தேசவழமையே அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இல். அதன்பின்னும் நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்க்கிணற்றில் தாமே நீரள்ள முடியாது நின்றனர். வீடு கட்டுதற்குச் சொந்தமாக ஒரு பரப்புக் காணியேனும் அற்றிருந்தனர். பொதுக்கிணறு முதலியவற்றிற் பிறப்புக் காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்று 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கவேண்டியதாயிற்று. ஆகவே, பழைய ஊர்க்கட்டுப்பாடு நீரைக் காத்தது என்பதும் உண்மை. சிலரை நீரினின்று விலக்கிவைத்தது என்பதும் உண்மை. சட்டத்தின்முன் யாவருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் சபையொன்று தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நகர அமைப்பின் கதை வேறு. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின், தலைமையிடத்தை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினர். 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், கோட்டையை ஐங்கோண வடிவிற் புதுக்கினர். அதன் கிழக்கே நேர்நேரான வீதிகளைக் கொண்ட நகரத்தை வளர்த்தனர். காணிகளைத் தோம்பிற் பதிந்தனர். இன்றும் பிரதான வீதியில் நடப்போர், அங்குள்ள வீதிகளின் ஒழுங்கைக் காண்பர். ஆயினும், அவ்வொழுங்கு ஆட்சியாளர் குடியிருந்த பகுதிக்கு உரியது. நல்லூரும் வண்ணார்பண்ணையும் தம்முடைய ஒழுங்கைகளோடும் வேலிகளோடும் பழையபடியே இருந்தன.

உள்ளூராட்சி என்று இன்று நாம் கூறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியது. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பும் கண்டியும் மாநகரசபை பெற்றன. 1871 இல் கிராமக் கூட்டங்களுக்கும், 1876 இல் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகளுக்கும் வழிவகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய சபை 1906 இல் வந்தது. பின்னர் அது நகரசபையாய் வளர்ந்து, 1949 இல் மாநகரசபையாய் உயர்ந்தது. சாம் சபாபதி அதன் முதலாவது முதல்வரானார். சபைகளின் பெயரிலே சுகாதாரம் முதலிலும் அபிவிருத்தி அடுத்தும் நின்றமை கருதத்தக்கது. நோயே அக்காலத்து ஆட்சியாளரைச் சபை அமைக்கத் தூண்டியது.

1914 இல் கொழும்பிற் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டில், அதாவது 1915 இல், 19 ஆம் இலக்க வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் நாட்டின் கட்டிட அனுமதிக்கு அடிப்படையாய் நிற்பது இச்சட்டமே. சபைத்தலைவர் எழுத்தில் ஒப்புதல் அளித்த படத்துக்கு இணங்கவன்றி எவரும் கட்டிடம் எழுப்பலாகாது என்று அது விதித்தது. கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுகவேண்டும். படத்துக்கு மாறாகக் கட்டினால் நீதவானிடம் சென்று இடிப்பிக்கும் கட்டளையைச் சபை பெறலாம். அதன் அட்டவணையில் ஒரு நயமான கணக்கும் உண்டு. வீதிக்குக் குறுக்கே 63½ பாகைச் சாய்வில் ஒரு கோடு வரைந்தால், கட்டிடம் அக்கோட்டை மீறி எழக்கூடாது. அப்படியெனின், இருபதடி வீதிக்கு நாற்பதடிக்கு மேற்பட்ட உயரம் ஆகாது. எதிர்வீட்டாருக்கும் வானமும் வெளிச்சமும் எஞ்சவேண்டும் என்பதே அக்கணக்கின் உட்பொருள். அயலவனை நினைந்து எழுதப்பட்ட கணிதம் என்று அதனைக் கூறலாம்.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனிக்கலாம். தேசவழமை முன்னுரிமைச் சட்டம் 1947 இல் திருத்தியமைக்கப்பட்டபோது, முன்னுரிமை பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுமென வரையறுக்கப்பட்டது. அயற்காணிக்காரர் அவ்வுரிமையிலிருந்து நீங்கினார். காணி விற்பனையின் வாயிலால் வெளியேறிய அயலவனுக்கு எஞ்சிய வாயில் கட்டிட அனுமதி ஒன்றேயாயிற்று. சபை அதனைத் திறந்து வைத்திருந்தால் அவன் குரல் கேட்கும். சபை கண்ணை மூடினால் அவனுக்கு வழக்கு மன்றமன்றி வேறிடமில்லை.

1915 ஆம் ஆண்டுச் சட்டம் காற்றையும் வெளிச்சத்தையும் கருதியது. கொள்ளைநோயும் காய்ச்சலும் கண்ட கண்கள் அவற்றையே முதலில் தேடின. அதே 1915 இல், பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப்பார்த்து அறிக்கைகள் எழுதினார். மலேரியாவுக்கு அஞ்சி நகரக்குளங்களை மண்ணிட்டு நிரப்பும் வழக்கம் அக்காலத்தில் அதிகாரிகளிடையே பரவியிருந்தது. கெடிஸ் அதனை எதிர்த்தார். குளம் நகரத்தின் வெம்மையைத் தணிப்பது, வெள்ளத்தைத் தாங்குவது, கிணற்றுக்கு ஊட்டுவது. கொசுவைத் தின்ன மீனையும் வாத்தையும் விட்டால் போதும், குளத்தைக் கொல்லவேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. பின்னர் 1921 இல் கொழும்பு நகரமைப்புக்கும் அவர் அறிக்கை எழுதினார். யாழ்ப்பாணத்தைப் போன்ற ஊருக்கு அவருடைய அறிவுரை எத்துணைப் பொருந்தும் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி, மலைநாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம். அங்கே தவறு நேர்ந்தால் மலை உடனே தண்டிக்கும். ஆகவே அங்குப் படித்த பாடம் தெளிவானது. கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஊக்கர், 1873 இலேயே 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியவிடலாகாது என்று எச்சரித்தார். மண்காப்புச் சட்டம் 1951 இல் வந்தது. 1986 இலும் 1989 இலும் பெருமழையோடு நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைக் கவர்ந்தன. அதன்பின், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைமாவட்டங்களில் மண்சரியும் இடங்களை வரைபடமாக்கத் தொடங்கியது. 2011 முதல், அத்தகைய பத்து மாவட்டங்களில் வீடமைக்க விரும்புவோர் அந்நிறுவனத்தின் ஆய்வறிக்கையையும் பெற்றே சபையிடம் வரவேண்டும் என்று சுற்றறிக்கை வாயிலாக விதிக்கப்பட்டது. வீட்டின் படம் மாத்திரம் போதாது, வீடு நிற்கும் மலையின் நிலையும் சபைமுன் வைக்கப்படவேண்டும் என்பதே இதன் தத்துவம்.

விதி இருந்தும் பயன்படாத கதையும் உண்டு. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில், மீரியாபெத்த தோட்டத்து லயன் வீடுகளை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் மலை சரிந்து மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும், அங்கு வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு வேறு காணி சொந்தமாயில்லை. எழுந்து செல்லுங்கள் என்றால், எங்கே செல்வது? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாய் இருந்தது. 2018 இலேயே அத்தடை திருத்தப்பட்டது. எச்சரிக்கை விடுப்பதற்கு ஒரு நிறுவனம் இருந்தது; அதனைச் செயலாக்கும் உள்ளூராட்சி அம்மக்களின் வாசல்வரை செல்லவில்லை. காணியில்லாதவனுக்கு விதி பாதுகாப்பாகாது என்பதை மீரியாபெத்த கற்பித்தது.

தமிழ்நாட்டுக் கொடைக்கானலில் வேறொரு பாடம். அங்கே இரண்டு மாடிகளுக்கு இசைவு பெற்ற ஓர் உணவு விடுதி ஏழு மாடிகளாய் எழுந்தது. மீறிய மாடிகளுக்கு அரசாங்கம் 1994 இல் விலக்களித்தது. பழனிமலையைக் காக்க அமைந்த பொதுமன்றம் ஒன்று வழக்காடியது. நீதிமன்றம் 1995 இல் அவ்விலக்கைத் தள்ளியது. ஏழையின் லயன் வீட்டை விதி எட்டவில்லை. செல்வரின் விடுதிக்கு விதி வளைந்தது. இரண்டிலும் துன்புறுவது கீழே வாழ்பவனே.

யாழ்ப்பாணத்தில் மலை சரிவதில்லை. ஆகவே நமக்குத் தண்டனை உடனே கிடைப்பதில்லை. மெல்லவே கிடைக்கின்றது. அதனால்தான் நாம் அதனைத் தண்டனையென்று உணர்வதுமில்லை. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், மனிதனின் கைவலியே நீருக்குக் காவலாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் வந்தது. அந்தக் காவல் நீங்கியது. வீடுதோறும் மலசலகூடம் வந்தது. சுகாதாரத்துக்கு அது பெருநன்மை. ஆனால், அதன் குழி சுண்ணக்கல்லின் வெடிப்பிற் திறந்தால், அழுக்கு நேரே கிணற்றைத் தேடிச் செல்லும். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு காலத்திற் பல பரப்பு வளவில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்தன. பின்னர் சீதனமும் பாகப்பிரிவினையும் வளவைத் துண்டாக்கின. இரண்டு பரப்பிலும் ஒரு பரப்பிலும் தனித்தனி வீடு, தனித்தனிக் கிணறு, தனித்தனிக் குழி என்று நெருங்கின. தோட்டத்து இரசாயன உரமும் இதனோடு சேர்ந்தது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். தன் காணிக்குட் கட்டியவர் எவரும் குற்றமொன்றும் செய்ததாக நினைக்கவில்லை. எனினும், ஒருவர் குழி மற்றொருவர் குடத்தில் வந்து சேர்ந்தது.

மேற்பரப்பிலும் அவ்வாறே. பள்ளக்காணி மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கியவர் மண் கொட்டி உயர்த்தி மதில் எழுப்புவார். அவர் வீடு உயரும். அவ்விடத்தில் நின்ற வெள்ளம் அடுத்த வீட்டுக்குப் போகும். வெள்ளவாய்க்கால் மூடப்படும், குளத்தின் எல்லை ஆண்டுக்கு ஒரு முழம் சுருங்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய பெருமழையில், தாழ்ந்த பகுதிகள் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. நிலத்தின் பழைய சரிவு இன்னதென்று அன்று வெள்ளம் தானே காட்டியது.

இக்காலமெல்லாம் சபைகள் எங்கிருந்தன என்று கேட்பது நியாயமே. போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகளாக, மக்கள் தெரிந்த உறுப்பினரின்றி உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். 1998 இல் தேர்தல் நடந்தபின், யாழ் மாநகர முதல்வராயிருந்த சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப்பின் வந்த பொன். சிவபாலனும் அதே ஆண்டிற் கொல்லப்பட்டனர். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 இல் வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடும் மனிதனிடம் வீட்டுப்படம் எங்கே என்று எவர் கேட்பார்? மீண்டு வந்தவர் கிடைத்த ஓட்டையும் தகரத்தையும் கொண்டு, கிடைத்த இடத்திற் குடிசை எழுப்பினர். அதனைக் குறைகூறல் அறமன்று. ஆயினும், அவசரத்தில் அமைந்தது பின்னர் நிலைத்துவிட்டது.

போர் முடிந்தபின் வந்த வீடமைப்புத் திட்டங்களிலும் நாம் கற்கவேண்டியது உண்டு. இந்திய உதவியாற் கட்டப்பட்ட 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தனர். 2015 இலும் 2016 இலும் வேறொரு திட்டம் முன்வைக்கப்பட்டது. அது 65,000 உருக்கு வீடுகளை வெளியிலிருந்து கொணர்ந்து பொருத்துவதாகும். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. நமது வெயிலை இரும்பு தாங்குமா? பிள்ளைக்குக் கலியாணம் ஆகும்போது ஓர் அறை சேர்த்துக் கட்டமுடியுமா? அப்பணத்தில் எத்தனை கல்வீடு எழும், உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் எத்தனை நாள் வேலை கிடைக்கும்? இவ்வினாக்களைப் பொறியியற் பேராசிரியரும் மக்கள் பிரதிநிதிகளும் பகிரங்கமாக எழுப்பினர். திட்டம் முன்வைத்த உருவில் நிறைவேறவில்லை. இலவசமாய்க் கிடைக்கும் வீட்டையும் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதை அவ்விவாதம் நிலைநாட்டியது.

சுன்னாகத்து நிகழ்ச்சியை எவரும் மறந்திரார். மின்னுற்பத்தி நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்னும் வழக்கில், நட்டஈடாக இரண்டு கோடி ரூபா வழங்கும்படி உயர்நீதிமன்றம் 2019 இல் நிறுவனமொன்றுக்குக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்னும் நியாயம் அங்கே நிலைபெற்றது. ஆனால், கோடி கொடுத்தாலும் கெட்ட கிணறு அன்றே தெளிந்துவிடுமா? தீர்ப்பு நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து. சபையின் ஆராய்வு நோய் வராமற் காக்கும் பத்தியம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகரசபையும், சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய மூன்று நகரசபைகளும், பதின்மூன்று பிரதேச சபைகளுமாகப் பதினேழு சபைகள் உள்ளன. 2025 மே மாதத்துத் தேர்தலால் அவற்றுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்தனர். வீட்டுப்படம் ஒன்று சபைக்கு வரும்போது, அறையின் அகலமும் யன்னலின் அளவும் பார்க்கப்படுகின்றன. அது வேண்டியதே. அதனோடு வேறு சில வினாக்களும் கேட்கப்படல் வேண்டும். இக்காணியில் மாரிவெள்ளம் எங்கே நின்றது, இனி எங்கே போகும்? குழியின் அடியில் மண்ணா, வெடித்த கல்லா? அயற்கிணறு எத்திசையில் உள்ளது, தரைக்கீழ் நீர் எத்திசையிற் செல்கின்றது? கூரையில் விழும் மழை தெருவுக்கு ஓடுமா, நிலத்துள் இறங்குமா? எத்தனை அடி தூரம் என்று நாடா பிடித்தளப்பது மணல்நிலத்துக்குப் போதலாம். வெடித்த சுண்ணக்கல்லில் நீர் அடிக்கணக்குக்கு அடங்காது. மலைநாட்டார் மலையின் வரைபடத்தை முன்வைத்து வீட்டுப்படத்தைப் பார்ப்பதுபோல, நாம் நீரின் வரைபடத்தை முன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதில் ஏழைக்கு அநீதி நேராமற் காப்பதும் சபையின் கடமை. பள்ளக்காணியை வாங்குபவர் பெரும்பாலும் வேறு காணி வாங்க வசதியற்றவரே. அவருக்குக் கட்டாதே என்று சொல்லி, அதே பள்ளத்தில் வசதியுள்ளவர் மண்டபம் எழுப்ப இசைவளித்தால், அச்சபையின் முத்திரைக்கு மதிப்பில்லை. மறுப்பவர் மாற்றிடமும் காட்டல் வேண்டும். பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிவுத்தொட்டி, பொதுக்குழாய் நீர் ஆகியவற்றைச் சபை அமைத்துக் கொடுத்தால், சிறுகாணிக்காரரும் அயலாருக்குத் தீங்கின்றி வாழலாம்.

நன்மையும் நடவாமல் இல்லை. ஆரியகுளத்தை மாநகரசபை 2021 இற் தூர்வாரிச் சீரமைத்தது. மாலைநேரத்தில் மக்கள் அங்குக் கூடுகின்றனர். குளத்தைக் காத்தல் பழமைப்பற்று மாத்திரமன்று, நகரத்தின் நலனும் அதுவே என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு. ஊர்தோறும் அத்தகைய குளம் ஒன்றேனும் உண்டு. அதன் எல்லை எதுவென்று காணிப்பதிவேட்டிற் பார்த்து ஊரவர் அறிந்து வைத்தால், பாதி வேலை முடிந்ததாகும். பள்ளிக்கூடங்களிற் பூமிசாத்திரம் கற்பிப்போர், உலகத்து ஆறுகளோடு தம் ஊர் வெள்ளவாய்க்காலையும் மாணவரைக்கொண்டு வரைவித்தால் இன்னும் நன்று.

நேயர்களே, கட்டிட அனுமதி என்பது சபை நமக்குச் செய்யும் சலுகையன்று. நம்மை அலைக்கழிக்க வந்த தொந்தரவுமன்று. பிறர் கட்டும்போது நமக்குள்ள உரிமையே, நாம் கட்டும்போது பிறருக்குள்ள உரிமையாகின்றது. மூன்று ஞாயிறு கூறி அயலவனுக்கு அறிவித்த வழக்கமும், எதிர்வீட்டாருக்கு வானத்தை ஒதுக்கிய 1915 ஆம் ஆண்டுக் கணக்கும், மலைச்சரிவுக்கு ஆய்வறிக்கை கேட்கும் இன்றைய விதியும் இவ்வுண்மையையே கூறுகின்றன. மலைநாட்டில் அயலவன் கீழ்ச்சரிவில் வாழ்பவன். நம் நாட்டில் அயலவன் அடுத்த கிணற்றில் நீரள்ளுபவன். அவனுடைய குடத்தை நினைந்து நம்முடைய அத்திவாரத்தை வெட்டுவோமாக.